மோரிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் வாராவாரம் ஒரு பத்திரிகையின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொஞ்சம் அதிகம்தான். போன வாரம் வந்ததைப் படித்துவிட்டு எங்கள் சபையில் ஒரு அக்கா சொன்னார்: "எஸ்தரு, நீ பேசாம இருக்கறத பாத்து நல்லவன்னு நெனச்சிகினு இருந்தேன்."

இதுவரை நான் எழுதியதெல்லாம் செத்தவர்களைப் பற்றித்தான். அவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதுவதில்தான் தொல்லை. இந்த வாரம் வருகிறவரோ நன்றாகவே உயிரோடு இருக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காட்சி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒரு பெரிய மனிதர், முழங்கால் வரைக்கும் சேற்றோடு, கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார். அவருக்கு முன்னால் பாடை. பாடையின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. துணியின் மேல் அவர் போட்ட ரோஜா மாலை. மேளம் நின்றுவிட்டது. துணிக்குள்ளே இருப்பது மனிதர் இல்லை என்பது அவரையும் அவரோடு வந்தவர்களையும் தவிர அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒளிந்திருந்தேன் என்றே எழுதலாம்.

சாவு மட்டும் தமிழில்

சித்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் தமிழ் அடிப்பது என் வேலை. கடை முரளி அண்ணாவுடையது. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கல்யாணத்தைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் அடிப்பார்கள். பிறந்த நாள், கிருகப்பிரவேசம் எல்லாம் அப்படியே. சாவு வந்தால் மட்டும் தமிழில் வேண்டும் என்பார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அழும்போது வேறு மொழிக்கு மாறுவது கஷ்டம் போலிருக்கிறது.

அதனால் என்னுடைய தமிழ் முழுக்கச் சாவுத் தமிழ். 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு' என்பதைத் தூக்கத்தில்கூட அடிப்பேன். தெருவில் ஒருத்தரையும் நிம்மதியாக விடாத மனிதரை 'அனைவரின் அன்பையும் பெற்றவர்' ஆக்கியிருக்கிறேன். பெண்டாட்டியை அடித்தே தேய்த்தவர் என் கையில் 'பாசமிகு கணவர்' ஆகியிருக்கிறார். அந்தப் பெண்டாட்டியே வந்து அப்படிப் போடச் சொல்லும்போது நான் என்ன செய்ய?

முரளி அண்ணா எனக்குச் சொல்லிக் கொடுத்த தொழில் ரகசியம் ஒன்று உண்டு. செத்தவர் படம் சின்னதாக இருக்கலாம். கீழே வரிசையாக வருகிறதே, துக்கப்படுகிறவர்களின் படம், அது பெரிதாக இருக்க வேண்டும். செத்தவர் வந்து ஃப்ளெக்ஸைப் பார்க்கப் போவதில்லை, அல்லவா?

தவறாமல் வருகிறவர்

இப்போது அந்தப் பெரிய மனிதர். தலைவர் என்றே எழுதுகிறேன். எந்தக் கட்சி என்று எழுதினால், இது அச்சாகி வருவதற்குள் மாறியிருப்பார்.

தலைவருக்கு ஒரு நல்ல பழக்கம். எந்தச் சாவையும் தவற விடமாட்டார். அவருடைய கார் டிக்கியில் மாலையும் சால்வையும் எப்போதும் இருக்கும் என்பார்கள். போகிற வழியில் ரோட்டோரம் ஷாமியானாவும் மேளமும் தெரிந்தால் போதும், யார் எவர் என்று கேட்காமல் இறங்கிவிடுவார். கைகூப்பல், மாலை, ஒரு நிமிடம் கண்மூடல், வீட்டுப் பெண்களிடம் இரண்டு வார்த்தை. "நான் உங்க மூத்த பிள்ள மாதிரி" என்பார். பிறகு கார்.

எங்கள் காலனியில் இதற்கு ஒரு மரியாதையே உண்டாகிவிட்டது. "அவங்க சாவுக்குத் தலைவரே வந்தாரு" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் அவர் வருவார் என்று காத்திருந்து, அடக்கம் மறுநாளைக்குப் போய், சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையும் உண்டு.

உயிரோடு இருப்பவர்களைப் பார்க்க அவர் ஓட்டு சமயத்தில் வருவார். மற்றபடி, அவரைப் பார்க்க வேண்டுமானால் செத்துத்தான் ஆகவேண்டும்.

சொர்ணத்தின் கட்டில்

எங்கள் காலனி புத்தலப்பட்டு தாண்டி, சித்தூர் - திருப்பதி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஏரிக் கால்வாய். கால்வாய்க்கு மேலே ஒரு சின்னப் பாலம். எங்கள் பேச்சில் மோரி. அது ஒரு மழையில் நடுவே உடைந்து விழுந்தது. கம்பியெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது.

அன்றிலிருந்து ஆட்டோ ரோட்டிலேயே நின்றுவிடும். நடக்க முடிந்தவர்கள் கால்வாய்க்குள் இறங்கி ஏறுவார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணத்தால் முடியாது.

சொர்ணத்துக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை திருப்பதிக்குப் போய் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். போகும்போது கால் வீங்கியிருக்கும். வரும்போது தலை சுற்றும். அதனால் அவளைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, அவள் புருஷன் தாசும் மூன்று பேரும் தோளில் தூக்கிக் கால்வாயைத் தாண்டுவார்கள். மழை பெய்தால் சேறு. ஆளுக்கு ஒரு பக்கம் வழுக்கும்.

சொர்ணம் அழுகிற ஜாதி இல்லை. கட்டிலில் படுத்தபடியே வாயைத் திறப்பாள்.

"யோவ் தாசு, நல்லா பழகிக்கோங்க. ஒருநாளு நெஜமா தூக்கும்போது ஒருத்தனும் தடுமாறக் கூடாது."

"வாய மூடினு படு. விழுந்துடப் போற."

"விழுந்தா என்னா? அப்பவாச்சும் தலைவரு வருவாருல்ல."

நானும் ஒருமுறை அவளோடு திருப்பதிக்குத் துணைக்குப் போனேன். வழி நெடுக ஃப்ளெக்ஸ். மலைக்குப் போகிறவர்களை வரவேற்று ஆளுயரத்துக்குத் தலைவர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். சாமி ஒரு மூலையில் சின்னதாக இருக்கிறார். செத்தவர் படத்துக்குச் சொன்ன அதே விதி சாமிக்கும் செல்லும் என்று அன்று தெரிந்துகொண்டேன். திரும்பும் பஸ்ஸில் எங்களோடு வந்த மொட்டைத் தலைகள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே கும்பிட்டார்கள். யாரைக் கும்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் ஒருநாள் கால்வாயில் தண்ணீர் ஓடியது. வடிகிறவரை காத்திருந்து அவளைக் கொண்டுபோனபோது, ஆஸ்பத்திரியில் அவளுடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் என்ன செய்வார்கள், வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். அன்று முழுக்கச் சொர்ணத்துக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தால் வாங்கும், படுத்தால் இன்னும் அதிகமாக வாங்கும். இன்னொரு முறை இப்படித் தவறினால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா தாசிடம் சொன்னார். தாசு அதைச் சொர்ணத்திடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான். சொர்ணத்துக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.

மனு கொடுக்காமல் இல்லை. கொடுத்தோம். சில நாளில் தாசின் போனுக்குத் தெலுங்கில் ஒரு மெசேஜ் வந்தது. உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, சேவையில் திருப்தியா என்று கேட்டிருந்தார்கள். தாசு போனை எடுத்துக்கொண்டு போய் உடைந்த மோரியின் எதிரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். ஒருவேளை பாலம் வந்திருக்குமோ என்று பார்க்கத்தான்.

தலைவாராத கிழவர்

யோசனை சொர்ணத்துடையது. ஒருநாள் கட்டிலில் ரோட்டைத் தாண்டும்போது தலைவரின் கார் பக்கத்து ஊர்ச் சாவுக்குப் பறந்தது. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன்டி எஸ்தரு, நம்ம மோரி செத்து எத்தினி மாசமாச்சி? அதுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கூட வெக்கல நீ. ஊர்ல இருக்கற பொணத்துக்கெல்லாம் எழுதற."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உடனே வாக்கியம் வந்துவிட்டது. தொழில் பழக்கம்.

கடையில் அதை அடித்து முரளி அண்ணாவிடம் காட்டினேன். மோரியின் படத்தை முட்டை வடிவச் சட்டத்துக்குள் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பின்னால் மேகம். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏமி தல்லி இது? மோரியா? கீழ ஏமி எழுதியிருக்குது, படி."

படித்தேன்: "எங்களையும் எங்கள் மாடுகளையும் சுமந்து, யாருக்கும் பாரமாக இராமல், கவனிப்பாரின்றி மறைந்த எங்கள் அருமை மோரி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தலைவரின் பிறந்த நாள் ஆர்டர் எங்கள் கடைக்குத்தான் வரும்.

"அடிச்சிக்கோ. கடை பேரு மட்டும் கீழ போடாத. நேனு இத சூடலேது, பாக்கவே இல்ல."

அப்படி, கடையின் பெயர் இல்லாத ஒரே ஃப்ளெக்ஸ் அன்று வெளியே போனது.

தொழில் ரகசியத்தை நான் விடவில்லை. மோரியின் படம் சின்னது. காலனிக்காரர்கள் படம் பெரிது. முதல் வரிசையில் சொர்ணம், 'மூத்த மகள்'. ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். உடைந்த மோரி, கம்பியெல்லாம் மேலே நீட்டிக்கொண்டு, அந்தச் சட்டத்துக்குள் தூரத்திலிருந்து பார்த்தால் தலைவாராத ஒரு கிழவர் மாதிரி இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிழவரேதான்.

ஃப்ளெக்ஸோடு நிறுத்தாமல் மோரிக்குச் சாவே எடுத்துவிடுவது என்று காலனியில் முடிவானது. தாசு போய்ப் பாஸ்டர் ஐயாவிடம் சாவு மணி அடிக்கக் கேட்டான்.

"மோரிக்கு ஞானஸ்நானம் ஆயிட்சா?" என்று கேட்டார் ஐயா.

"இல்லீங்க ஐயா."

"அப்போ மணி கெடையாது. ஷாமியானாவும் பிளாஸ்டிக் சேரும் சபையில சும்மாதான் இருக்குது, எடுத்துக்கினு போ."

முகம் பார்த்தல்

தலைவரை வரவழைப்பது எங்கள் திட்டமே இல்லை. பேப்பர்காரர் யாராவது வந்து படம் பிடித்தால் போதும் என்று இருந்தோம். மேலத் தெரு மேளக்காரர்கள் சந்தோஷமாக வந்தார்கள். மோரியின் ஒரு துண்டைப் பெயர்த்துப் பாடையில் வைத்து வெள்ளைத் துணி போர்த்தினோம். பெண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள்.

"மணலாலே பொறந்தவளே, மழைக்கே கரஞ்சவளே,
சிமெண்ட கண்ணால பாக்காம செத்தாயே என் கண்ணே!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அழுதால், அசல் அழுகையைவிடச் சத்தம் அதிகமாக வரும். ரோடு வரைக்கும் கேட்டிருக்கிறது.

திருப்பதிப் பக்கமிருந்து வந்த தலைவரின் கார் அந்த நேரம் பார்த்துத்தான் அந்த வழியாகப் போக வேண்டுமா? ஃப்ளெக்ஸ், ஷாமியானா, மேளம். பழக்க தோஷத்தில் டிரைவர் திருப்பிவிட்டார். கால்வாயை இறங்கி ஏறிவிடலாம் என்று நினைத்தார் போல. முன் சக்கரம் இரண்டும் சேற்றில் புதைந்து, கார் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது.

தலைவர் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. கதவைத் திறக்கும்போதே கை கூப்பியிருந்தது. சேற்றில் செருப்பை விட்டுவிட்டு நடந்தே வந்தார். பின்னால் ஒருவர் மாலையோடு, இன்னொருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு. ஒப்பாரிக்காரப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மாலையைப் போட்டார். கண்ணை மூடினார்.

நான் முதலில் சொன்ன காட்சி இதுதான்.

கண்ணைத் திறந்தவர் சொர்ணத்திடம் வந்தார். ஓரமாகக் கட்டிலில் வீங்கிய முகத்தோடு கிடந்தவள் அவள்தானே. மூத்த மகள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். தெலுங்கும் தமிழும் கலந்து பேச ஆரம்பித்தார்.

"ஏடவத்தம்மா, அழக் கூடாது. நைனாவா?"

"நைனா இல்ல சார். ஆனா நைனா மாதிரிதான். எங்க எல்லாரையும் சொமந்துச்சி."

"பாபம். வயசெந்தம்மா, எத்தினி வயசு?"

"பத்துகூட நெறயல சார்."

தலைவர் திடுக்கிட்டார். "சின்னப் பிள்ளையா? அய்யோ. ஆஸ்பத்திரி கொண்டும் போவலியா?"

"மனு குடுத்தோம் சார். சரியாயிட்ச்சின்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சி."

"சரியாயிட்ச்சின்னா? எவன் அனுப்பினான்? எந்த ஆபீசரு? பேரு சொல்லு, இப்பவே பேசறேன்!" அவர் முகம் நிஜமாகவே சிவந்தது. அதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு குழந்தை செத்துவிட்டது என்று நம்பிய அந்தக் கொஞ்ச நேரம் அவர் மனிதராகத்தான் இருந்தார்.

சொர்ணம் மெதுவாகச் சொன்னாள்: "முகம் பாத்துட்டு போங்க சார். கடைசியா."

செல்போன்காரர் துணியை விலக்கினார்.

ரோஜா மாலைக்குள் சிமெண்டுத் துண்டும் நாலு துருப்பிடித்த கம்பியும்.

தலைவர் கம்பியைப் பார்த்தார். ஃப்ளெக்ஸைப் பார்த்தார். சொர்ணத்தைப் பார்த்தார். நான் டிரம்முக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

"எவரு ராசாரு? இத யாரு எழுதினது?"

"சாவுக்கு எழுதறவங்கதான் சார் எழுதினாங்க" என்றாள் சொர்ணம். "மோரி இல்லாம நான் வாரத்துக்கு ரெண்டு தடவ பொணம் மாதிரி போய்க்கினு வர்றேன். நெஜ பொணமாறதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துடுங்கன்னுதான்."

இப்போது கத்துவார், போலீசைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அரசியல் எனக்குத் தெரியவில்லை. அவர் செல்போன்காரரைப் பார்த்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் கை கூப்பினார். குரலை உயர்த்தினார்.

"இது சாவு இல்ல. கொல! இந்த மோரியைக் கட்டினது யாரு? நேனா? முன்னாடி இருந்தவங்க! அவங்க பண்ண கொல இது. நான் சும்மா விடமாட்டேன். இந்தக் காலனிக்கு நான் மூத்த பிள்ள!"

பேசினார், பேசினார். முன்னாடி இருந்தவர்களில் அவரும் ஒருவர். அதையும் மறந்து நாலு பேர் கை தட்டினார்கள். மேளக்காரர்கூட ஒரு தட்டு தட்டினார். எங்கள் கேலி முழுவதையும் அவர் சால்வை மாதிரி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வீடியோ அன்று சாயங்காலமே எல்லார் போனிலும் வந்தது. 'மோரிக்காகக் கண்ணீர் விட்ட தலைவர்' என்று தெலுங்கில் எழுதி, பின்னால் சோகப் பாட்டு போட்டிருந்தார்கள்.

பேசி முடித்தபிறகுதான் கார் ஞாபகம் வந்தது. டிரைவர் எவ்வளவு முறுக்கியும் அது எழவில்லை. ரோட்டில் வேறு கார் வந்து நின்றது. ஆனால் ரோட்டுக்குப் போக மறுபடியும் சேற்றில் இறங்கவேண்டும். தலைவருக்கு முட்டி வலி. வரும்போது துக்க வேகத்தில் இறங்கிவிட்டார். இப்போது வேகம் இல்லை.

தாசு வெகுளியாகத்தான் சொன்னான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறான். "சார், கட்டில் இருக்குது. எங்களுக்கு பழக்கம்தான்."

சொர்ணத்தை இறக்கிச் சேரில் உட்கார வைத்தார்கள். தலைவர் சுற்றிலும் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார், பிறகு ஏறினார். படுக்கவில்லை, உட்கார்ந்துகொண்டார். நாலு பேர் தோளுக்குத் தூக்கினார்கள். தோளுக்குக் கட்டில் ஏறியதும் மேளக்காரர்களின் கை தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. சாவு அடி. அவர்கள்மேல் தப்பில்லை, கைக்கு வேறு அடி தெரியாது. கட்டில் ஆட ஆட, தலைவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டினார். ஜனம் ஆட்டினால் திரும்ப ஆட்டுவதும் அவருக்குப் பழக்கம்.

"யோவ், வழுக்கப் போவுதுய்யா! மெல்ல!" என்று நடுக்கால்வாயில் அவர் கத்தியது கரைவரை கேட்டது.

"பயப்படாதீங்க சார்," சேரில் இருந்தபடியே சொர்ணம் கூவினாள், "நான் இன்னும் விழல!"

அவ்வளவு சத்தமாக அவள் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. அப்புறம் இருமல் வந்து, தாசு ஓடிவந்து முதுகைத் தடவினான்.

அடுத்த நாள்

அடுத்த நாள் காலையில் ஜேசிபி வந்தது. பெரிய சிமெண்டுக் குழாய்களை இறக்கிக் கால்வாயில் வரிசையாகப் போட்டு, மேலே மண் கொட்டி மட்டம் செய்து, தலைவரின் காரை இழுத்து ரோட்டில் விட்டது. அன்று சொர்ணத்துக்குத் திருப்பதி நாள். ஆட்டோ அந்த மண்ணின்மேல் ஏறி வீட்டு வாசலுக்கே வந்தது. அவள் நடந்துபோய் உட்கார்ந்தாள். மதியம் ஜேசிபி குழாய்களைத் தோண்டி எடுத்து லாரியில் ஏற்றியது. அவை வேறு ஊருக்குச் சாங்ஷன் ஆனவையாம். சாயங்காலம் ஆட்டோ ரோட்டிலேயே நின்றது.